ஐந்து மாதக் குழந்தைக்குத் தலை ஒருபக்கம் தட்டை: ஹெல்மெட் போடலாமா, காத்திருக்கலாமா?

முல்லைக்கொடி:

வணக்கம். என் மகனுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இரண்டாம் மாதத்தில் ஒருநாள் குளிக்க வைத்துத் தலை துவட்டும்போதுதான் முதலில் கவனித்தேன். வலதுபக்கப் பின்மண்டை உள்ளங்கைக்குச் சப்பையாகப் பட்டது. இடதுபக்கம் உருண்டையாகவே இருந்தது. தலை நின்றதும் தானாகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். தலை நின்றுவிட்டது, தட்டை மட்டும் போகவில்லை. இப்போது மேலிருந்து பார்த்தால் வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் முன்னால் தெரிகிறது. வலது நெற்றியும் சற்றுத் துருத்திக்கொண்டிருக்கிறது.

குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, இது ஒரே பக்கம் படுப்பதால் வந்தது, பிளேஜியோசெஃபலி என்பார்கள், மூளைக்கு ஒன்றும் ஆகாது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். மனது கேட்காமல், குழந்தைகளின் தலை வடிவத்தைச் சீராக்கப் போடும் ஹெல்மெட்டைச் செய்யும் மையத்துக்குப் போனோம். அங்கே ஸ்கேன் எடுத்துத் தலையைக் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தார்கள். ஒரு மூலைவிட்டம் 139 மி.மீ., மற்றது 128 மி.மீ. வித்தியாசம் 11 மி.மீ., இது நடுத்தர நிலை, உடனே தொடங்குங்கள், நாள் போகப்போகப் பலன் குறையும் என்றார்கள்.

என் கணவர் போட்டுவிடலாம் என்கிறார். ஒரு நாளைக்கு 23 மணி நேரம் அந்தச் சின்னத் தலையில் அது இருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. போடாமல் விட்டு, பெரியவனானதும் "ஏம்மா அப்போதே செய்யவில்லை" என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் இருக்கிறது. போட்டவர்கள், போடாதவர்கள் இருவருமே எழுதுங்கள். நான் அவனைச் சரியாகத் திருப்பிப் போடாததால்தான் இப்படி ஆயிற்றா என்பதையும் யாராவது சொல்லுங்கள். ராத்திரி தூக்கமே இல்லை.

நந்துவின் அம்மா:

முல்லை, முதலில் ஒன்று சொல்கிறேன். உங்கள் மேல் தப்பே இல்லை. நானும் இதே கேள்வியைக் கேட்டு அழுதவள்தான்.

நாங்கள் போட்டோம். நந்துவுக்கு ஐந்தரை மாதத்தில் தொடங்கி ஒன்பதரை மாதத்தில் எடுத்தோம். அவனுக்கு வித்தியாசம் 16 மி.மீ., உங்கள் மகனைவிட அதிகம். நேராகப் பார்த்தாலே முகம் ஒருபக்கம் முன்னால் வந்தது போலத் தெரியும்.

ஹெல்மெட் தலையை அழுத்தி வடிவம் கொண்டுவரும் என்று நினைத்துதான் நான் அவ்வளவு பயந்தேன். அது அப்படி வேலை செய்வதில்லை. துருத்திய இடத்தில் உள்ளே இருக்கும் ஃபோம் ஒட்டினாற்போல நிற்கும், தட்டையான இடத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். தலை வளர்கிற வளர்ச்சி இடமிருக்கும் பக்கம் போகும். வேலையைச் செய்வது வளர்ச்சிதான், ஹெல்மெட் வழிகாட்டுகிறது, அவ்வளவே. அதனால்தான் வயதைப் பற்றி அவ்வளவு பேசுகிறார்கள். முதல் மூன்று மாதம் தலைச் சுற்றளவு மாதத்துக்கு 2 செ.மீ. போல ஏறும், அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., ஆறு மாதத்துக்குப் பிறகு அரை செ.மீ.தான். வளர்ச்சி குறைந்துபோன பிறகு போட்டால் வெறும் தொப்பிதான்.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று கேட்டால், முதல் வாரம் கஷ்டம். முதல் நாள் சில மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 23 மணி நேரத்துக்குக் கொண்டுபோனோம். கழற்றும் ஒவ்வொரு முறையும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்புத் தடம் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டால் பரவாயில்லை. மறையவில்லை என்றால் உடனே மையத்துக்குப் போய் அந்த இடத்தில் ஃபோமைச் செதுக்கிக்கொண்டு வர வேண்டும். நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனோம். வியர்வை நிறைய வரும். வாடையும் வரும், தினமும் உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து முழுக்க உலரவிட்டுத்தான் மறுபடி மாட்டுவேன்.

நந்து மூன்றாம் நாளே அதை மறந்துவிட்டான். எனக்குத்தான் மறக்கவில்லை. பால் கொடுக்கும்போது கன்னத்தைத் தலையில் சாய்க்க முடியாது, பிளாஸ்டிக்தான் படும். அந்த ஒரு மணி நேரம் கழற்றும்போது தலையை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன்.

முடிவில் 16 மி.மீ. 5 ஆனது. மீண்டும் அதே நிலைமை வந்தாலும் போடத்தான் செய்வேன். ஆனால் 11 மி.மீ. என்றால் இன்னொரு தடவை யோசிப்பேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இரட்டையர் அப்பா:

எங்கள் வீட்டில் இரட்டையர், குறைமாதத்தில் பிறந்தவர்கள். இரட்டையருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் இது அதிகம் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பெரியவளுக்குப் பின்மண்டை முழுக்கத் தட்டை, அதற்குப் பிராக்கிசெஃபலி என்று பெயர். சின்னவனுக்கு உங்கள் மகனுக்கு இருப்பது போல ஒருபக்கம், 10 மி.மீ. அளவு.

ஹெல்மெட் போடவில்லை. படுக்கையில் தலைமாட்டையும் கால்மாட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினோம். குழந்தை வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் பார்த்துத்தான் திரும்பும். அதனால் நாங்கள் நிற்கும் பக்கத்தை மாற்றினோம். பால் புட்டியை ஒரு வேளை வலது கையில், ஒரு வேளை இடது கையில் வைத்துக் கொடுத்தோம். கார் இருக்கையிலும் ஆடும் நாற்காலியிலும் விழித்திருக்கும்போது கிடத்துவதைக் குறைத்துவிட்டுத் தூக்கி வைத்துக்கொண்டோம். உட்காரத் தொடங்கியதும் மாற்றம் நன்றாகத் தெரிந்தது, தலை பகலில் தரையிலேயே படவில்லை அல்லவா.

இப்போது மூன்று வயது. சின்னவனுக்கு முடி வெட்டும்போது மட்டும் லேசாகத் தெரியும், வேறு யாரும் கவனித்ததில்லை. பெரியவளின் தலை இன்னமும் அகலம்தான், அது முழுக்கச் சரியாகவில்லை. முடியில் மறைகிறது, அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்குப் போட்டிருக்கலாமோ என்று என் மனைவி எப்போதாவது கேட்பாள். என்னிடம் பதில் இல்லை.

முல்லைக்கொடி:

இருவருக்கும் நன்றி. நந்துவின் அம்மா, கன்னத்தைச் சாய்க்க முடியாது என்று எழுதியதைப் படித்து அழுதேவிட்டேன். ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். இவன் எப்போதும் வலதுபக்கம்தான் திரும்புவான். இடதுபக்கம் கிலுகிலுப்பை ஆட்டினால் கண் மட்டும் வரும், தலை பாதியில் நின்றுவிடும். அடம் என்று நினைத்தேன். இதற்கும் தட்டைக்கும் தொடர்பு இருக்குமா?

பிசியோ கண்மணி:

முல்லைக்கொடி, அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த இழை முழுக்க ஹெல்மெட்டைப் பற்றியே பேசி முடிந்திருக்கும். நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். குழந்தையை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனாலும் நீங்கள் எழுதியது அடம் போலத் தெரியவில்லை. கழுத்தில் காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை இறங்கும் தசை ஒருபக்கம் இறுகியிருந்தால் குழந்தையால் முழுக்கத் திரும்ப முடியாது. டார்டிகோலிஸ் என்பார்கள். தலை ஒரு தோளை நோக்கிச் சாய்ந்து, முகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். திரும்பிய பக்கமே தூக்கத்தில் அழுந்தும், அழுந்திய இடம் தட்டையாகும். தட்டையானதும் தலை அந்தப் பள்ளத்திலேயே போய் உட்காரும். ஒன்றை ஒன்று வளர்க்கும்.

கழுத்தை விட்டுவிட்டுத் தலைக்கு மட்டும் ஹெல்மெட் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹெல்மெட் போட்டவர்களுக்கும் கழுத்துப் பயிற்சி வேண்டும், போடாதவர்களுக்கும் வேண்டும். ஆகவே இந்த வாரமே கழுத்தை ஒரு பிசியோவிடம் காட்டுங்கள்.

வீட்டில் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. குழந்தையை மடியில் மல்லாத்தி, தோள்களை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, உங்கள் முகத்தையே ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துங்கள். அவன் பார்வை உங்களைத் தொடரும். முகவாய் இரண்டு தோளுக்கும் ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். தலையைக் கையால் பிடித்துத் திருப்ப வேண்டாம். நீட்டும் பயிற்சிகளை நேரில் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும், படத்தைப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. தட்டையையும் கையால் அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அதனால் ஒரு பலனும் இல்லை.

இன்னொன்று, விழித்திருக்கும்போது கவிழ்த்துப் போடுவது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஏழு வார வயதுக்குள் ஒரு நாளைக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடமாவது வர வேண்டும் என்கிறது. ஐந்து மாதக் குழந்தைக்கு அதைவிட நிறையச் செய்யலாம். "கவிழ்த்தால் அழுகிறான்" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தரையில் அழுதால் உங்கள் மார்பின்மேல் போடுங்கள், சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். அதுவும் கணக்குத்தான். இரண்டு நிமிடமாகப் பத்து முறை போட்டால் போதும், ஒரே நீட்டாக வேண்டும் என்பதில்லை. இடதுபக்கம் திரும்பினால்தான் உங்கள் முகம் தெரியும் என்று அமைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு உங்கள் முகத்தைவிடப் பெரிய கிலுகிலுப்பை கிடையாது.

அளவுகோல்:

என் மகளுக்காக இந்த ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தவன். படித்ததை எழுதுகிறேன்.

முதலில் குற்ற உணர்ச்சிக்கு. கனடாவில் கால்கரி நகரில் 7 முதல் 12 வார வயதுள்ள 440 குழந்தைகளைப் பார்த்தார்கள். 46.6 சதவீதம் பேருக்குத் தலையில் தட்டை இருந்தது. பெரும்பாலும் லேசானது. கிட்டத்தட்டப் பாதிப் பெற்றோரும் குழந்தையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாதவர்களா? இல்லை அல்லவா. நியூசிலாந்தில் 200 குழந்தைகளை இரண்டு வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, நான்கு மாதத்தில் 19.7 சதவீதமாக இருந்தது, எட்டு மாதத்தில் 9.2, இரண்டு வயதில் 3.3 சதவீதமாக இறங்கியது. இரண்டு ஆய்விலும் அளக்கும் முறை வேறு, ஆகவே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம்.

அடுத்து ஹெல்மெட். 1979இல் முதன்முதலில் இந்தச் சிகிச்சையைப் பற்றிய கட்டுரை வந்தது. ஹெல்மெட் போடுவோர், போடாதோர் என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு நெதர்லாந்தில் நடந்து 2014இல் வெளிவந்தது. 84 குழந்தைகள். ஐந்து, ஆறு மாத வயதில் தொடங்கி, ஒரு பாதிக்கு ஆறு மாதம் ஹெல்மெட், மறுபாதிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் அளந்தபோது முழுக்கச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். போட்ட குழந்தைகள் எல்லோருக்குமே ஏதாவது ஒரு பக்கவிளைவைப் பெற்றோர் சொன்னார்கள். தோல் எரிச்சல் மிக அதிகம், அப்புறம் வியர்வை, வாடை, கொஞ்சக் கூட முடியவில்லை என்ற வருத்தம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை ஹெல்மெட்டைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

இதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் போடவில்லை. மகளுக்கு 12 மி.மீ. இருந்தது, ஒன்றரை வயதில் 6. எனக்கு இது போதும்.

நந்துவின் அம்மா:

அளவுகோல் சார், நீங்கள் சொன்ன ஆய்வை நானும் படித்தேன். அதில் மிகக் கடுமையான தட்டை உள்ள குழந்தைகளைச் சேர்க்கவே இல்லை. கழுத்து இறுக்கம் உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. அப்படியென்றால் என் நந்துவைப் பற்றியோ முல்லையின் மகனைப் பற்றியோ அது எப்படிப் பேசும்? இன்னொன்று, ஹெல்மெட் போட்ட குழந்தைகளில் 73 சதவீதம் பேருக்கு அது சரியாகப் பொருந்தவில்லை, நழுவியது, சுற்றிக்கொண்டது என்று அதே ஆய்வில் இருக்கிறது. தலையில் நிற்காத ஹெல்மெட் எப்படி வழிகாட்டும்? எங்களுக்கும் முதல் மாதம் ஒருமுறை அப்படி நழுவியது, திருத்திய பிறகுதான் அளவு இறங்கவே ஆரம்பித்தது.

அமெரிக்க நரம்பு அறுவை சிகிச்சை வல்லுநர்கள் 2016இல் தந்த வழிகாட்டுதலில், நடுத்தரம் முதல் கடுமை வரையுள்ள தட்டை, படுக்கும் நிலையை மாற்றியும் பிசியோ செய்தும் குறையவில்லை என்றால் ஹெல்மெட் போடலாம் என்றே இருக்கிறது. யாருக்கும் தேவையில்லை என்று சொல்லிவிடாதீர்கள், உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைக்கு நாள் கடந்துவிடும்.

அளவுகோல்:

ஒப்புக்கொள்கிறேன். பொருந்தாத ஹெல்மெட் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும். கடுமையான நிலைக்கு அந்த ஆய்வை நீட்டக் கூடாது என்பதும் சரி. 16 மி.மீ. என் மகளுக்கு இருந்திருந்தால் நானும் எந்தப் பக்கம் போயிருப்பேன் என்று தெரியாது.

விடிவெள்ளி:

ஹெல்மெட்டா, காத்திருப்பதா என்று பேசும் எல்லோரும் தயவுசெய்து இதையும் படியுங்கள். என் மகளுக்கும் "படுக்கும் நிலையால் வந்தது, சரியாகிவிடும்" என்றுதான் மூன்றாம் மாதத்தில் சொன்னார்கள். சொன்னவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பதாம் மாதத்தில் வேறொருவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு அன்றே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அனுப்பினார். மண்டையோட்டு எலும்புகள் சேரும் இணைப்புகளில் ஒன்று முன்கூட்டியே மூடிக்கொண்டிருந்தது. க்ரேனியோசினோஸ்டோசிஸ். சுமார் 2000, 2500 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். அரிதுதான், எங்கள் வீட்டுக்கு வந்தது.

படுப்பதால் வரும் தட்டையில் பின்மண்டை தட்டையாகி, அதே பக்கத்துக் காதும் நெற்றியும் முன்னால் தள்ளப்படும். மேலிருந்து பார்த்தால் சாய்ந்த செவ்வகம் போல இருக்கும். முல்லைக்கொடி எழுதியது அப்படித்தான் இருக்கிறது. என் மகளுக்குத் தட்டை நெற்றியில் இருந்தது. அந்தப் பக்கப் புருவம் உயர்ந்து, கண் பெரிதாகத் தெரிந்தது. படுப்பதால் நெற்றி எப்படித் தட்டையாகும் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். இணைப்பு இருக்கும் இடத்தில் வரப்பு போல எலும்பு தட்டுப்பட்டாலோ, சுற்றளவு ஏறாமல் நின்றாலோ, வடிவம் நாளாக ஆகக் கூடிக்கொண்டே போனாலோ காத்திருக்காதீர்கள். சீக்கிரம் தெரிந்தால், முதல் சில மாதத்துக்குள், சிறு கீறலோடு செய்யும் முறையும் உண்டு, அதற்குப் பிறகு ஹெல்மெட் போடுவார்கள். எங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. தலையைத் திறந்துதான் செய்ய வேண்டியிருந்தது.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. "இணைப்புகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா, கையால் தொட்டுப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், அதுதான் நான் கேட்பது. எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டியதில்லை. தெரிந்த கை தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடும், சந்தேகம் வந்தால்தான் படம் எடுப்பார்கள்.

தாமரைக்குளம்:

நடுவில் குழி உள்ள தலையணை விற்கிறார்களே, அதைப் போட்டால் தட்டை போகுமா? இல்லையென்றால் இரவில் கவிழ்த்தே படுக்க வைத்துவிடலாமா? என் பாப்பாவுக்கு மூன்று மாதம்.

பிசியோ கண்மணி:

இரண்டும் வேண்டாம் தாமரை, தயவுசெய்து வேண்டாம். 1992இல்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் குழந்தைகளைக் கவிழ்த்துத் தூங்க வைக்காதீர்கள் என்று சொன்னது. 1994இல் அதைப் பெரிய இயக்கமாகவே கொண்டுபோனார்கள். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது அங்கே பாதிக்கு மேல் குறைந்தது. தட்டைத் தலை கூடியது அதன் கூடவே வந்தது. தட்டைத் தலைக்கு நம்மிடம் மருந்து உண்டு, மற்றதற்கு இல்லை. தூக்கம் என்றால் மல்லாத்தித்தான், பகலானாலும் இரவானாலும்.

தலைக்கு வடிவம் தரும் தலையணைகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022 நவம்பரில் வெளிப்படையாகவே எச்சரித்தது, மூச்சுத்திணறும் ஆபத்து இருப்பதால். மூன்று மாதத்தில் தலை வேகமாக வளர்கிறது. பக்கம் மாற்றுவதும் கவிழ்த்து விளையாட விடுவதும் இந்த வயதில்தான் அதிகம் பலன் தரும். இன்றே தொடங்குங்கள்.

முல்லைக்கொடி (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும்.

கழுத்து இறுக்கம்தான். பிசியோ பார்த்த ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். இடதுபக்கத் தசை இறுகியிருந்தது, அதனால் முகம் வலதுபக்கமே போயிருக்கிறது. விடிவெள்ளி அக்கா, நீங்கள் எழுதிய கேள்வியை அப்படியே மருத்துவரிடம் கேட்டேன். இரண்டு கையாலும் தலையைச் சுற்றித் தடவிப் பார்த்து, இணைப்புகள் திறந்தே இருக்கின்றன என்றார். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு மூச்சே வந்தது.

ஒவ்வொரு முறை உடுப்பு மாற்றும்போதும் கழுத்துப் பயிற்சி செய்தோம். முதல் இரண்டு வாரம் அழுதான், நானும் அழுதேன். நான்காம் வாரத்தில் இடதுபக்கம் இருந்த என் கணவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், முகவாய் தோளைத் தொட்டது.

அதே மையத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். 142, 133. வித்தியாசம் 9 மி.மீ. நான் இதைவிடக் குறையும் என்று எதிர்பார்த்தேன். மையத்தில் இப்போதும் ஹெல்மெட் போட்டால் நல்லது என்கிறார்கள், மருத்துவர் இறங்குமுகமாக இருப்பதால் பார்க்கலாம் என்கிறார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி இன்னும் ஐந்து வாரம் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். 9 அப்படியே நின்றுவிட்டால் எட்டு மாதத்துக்குள் போட்டுவிடுவோம். எனக்கு முன்பிருந்த பயம் இப்போது இல்லை. நந்துவின் அம்மா, நீங்கள் துடைக்கும் விதமெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

நந்துவின் அம்மா:

நானாக இருந்தாலும் இதையே செய்திருப்பேன் முல்லை. போடுவதாக முடிவானால் எழுதுங்கள், முதல் வாரம் நான் கூடவே இருக்கிறேன்.

பிசியோ கண்மணி:

கழுத்து முழுக்கத் திரும்புகிறது என்று பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் வரும்போதும், தவழ்வது போலப் புதிதாக ஒன்றைப் பழகும்போதும் பழைய சாய்வு எட்டிப் பார்க்கும். நன்றாக நடக்கும் வரை கவனிக்க வேண்டும்.

அடுத்த அளவை அதே கருவியில், முடிந்தால் அதே ஆளை வைத்து எடுங்கள். கை மாறினாலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக் குறைய வரும், அந்த ஒன்றிரண்டை வைத்துத்தான் நீங்கள் இப்போது முடிவெடுக்கப் போகிறீர்கள். வாரம் ஒருமுறை குளித்த ஈரத்தலையோடு மடியில் உட்கார வைத்து, மூக்கு நேராகத் தெரியும்படி மேலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். முடி படிந்திருப்பதால் வடிவம் அப்படியே தெரியும். ஐந்து படத்தையும் மருத்துவரிடம் சேர்த்துக் காட்டுங்கள்.